வலப்பக்கம் சாயும் வண்டி

ரசமட்டத்தின் குமிழி இடதுபக்கமாக நழுவிப் போய் நின்றது. கோவிந்தசாமி மட்டத்தை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, சீட்டுகளுக்கு முன்னால் தரைப்பலகை கழற்றிய இடத்தில் தெரிந்த குறுக்குச் சட்டத்தின் மேல் மறுபடியும் வைத்தான். குமிழி மறுபடியும் இடதுபக்கம்தான் போனது. வண்டியின் வலப்பக்கம், டிரைவர் உட்காருகிற பக்கம், ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். தரையில் கோளாறோ என்று தரையிலும் வைத்துப் பார்த்தான். அவனே சிமெண்டு கலந்து பூசிய தரை, கோணல் வர வழியில்லை. ஸ்பிரிங் பட்டைகளைப் புதிதாகப் போட்டது நேற்று சாயங்காலம்தான். போட்டு முடித்தபோது குமிழி நடுவில் அசையாமல் நின்றதைக் கண்ணால் பார்த்திருந்தான். யாரும் ஏறாத வண்டியில் புது ஸ்பிரிங் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து போகாது.

கெர்பாவ் ரோட்டில் அவன் குடியிருந்த வீட்டின் பின்புறம் ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டகையாக இருந்தது. மாடுகள் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டாலும், மழை பிடித்துக்கொண்டால் போதும், சுவர்களிலிருந்து சாணமும் மூத்திரமும் கலந்த பழைய வாடை கிளம்பி, பெட்ரோலும் கிரீஸும் சேர்ந்த புது வாடையோடு கலந்து, தகரக்கூரையின் சடசடப்புக்குக் கீழே அசையாமல் நிற்கும். அங்கேதான் அந்தக் கூரையில்லாத இரண்டு சீட்டுக் கார் நின்றது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன பழைய இங்கிலீஷ் வண்டி. வந்தபோது அது கோழி அடைகிற கூண்டு மாதிரிதான் இருந்தது. கோவிந்தசாமியும் அவன் தம்பி முத்துசாமியும் அதைக் கடைசி நட்டு வரை கழற்றி, துருவைச் சுரண்டி, சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் கடைகளில் தேடிய உறுப்புகளைப் போட்டு, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைத்து, கண்ணாடியை வெட்டிக் குறைத்து, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிக் கட்டினார்கள். தாம்சன் ரோட்டில் கார்ப் பந்தயம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த அறுபத்தொன்றாம் வருஷம் அது. அண்ணன் கட்டுவான், தம்பி ஓட்டுவான் என்பது ஏற்பாடு. துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவனுக்கும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கும் இதைவிடப் பெரிய கனவு கிடைக்காது.

வெள்ளோட்டம் விட்ட அன்று மழை ஈரம். தாம்சன் ரோட்டு வளைவில் வண்டி வழுக்கி, முத்துசாமியை வெளியே எறிந்துவிட்டு, லாலான் புல்லுக்குள் போய்ச் சாதுவாக நின்றது. வண்டிக்கு ஒரு சிராய்ப்பு. ஆளுக்கு உயிர் போய்விட்டது. கிழமை சனி.

சனிக்கிழமை செத்தவன் துணை தேடுவான் என்று ஒரு பயம் நம் ஜனங்களுக்கு உண்டு. அதற்காகப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள். அந்தக் குஞ்சோடு துணைக்கணக்கு தீர்ந்துவிடும். கோவிந்தசாமியின் மனைவி சந்திரமதி அழுத கண்ணோடு தானே போய்க் குஞ்சு வாங்கி வந்து கட்டினாள். கோவிந்தசாமிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சீர்திருத்தச் சங்கத்தில் மேடையேறிப் பேசுகிறவன், ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன், தன் தம்பியின் பாடையில் கோழி கட்டியதை நாலு பேர் பார்த்தால் என்ன ஆவது? தஞ்சோங் பகாரிலிருந்து வந்திருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கயிற்றை அவிழ்த்துக் குஞ்சைச் சாக்கடை ஓரமாக விட்டுவிட்டான். “செத்தவனுக்குத் துணை எதுக்கு? இருக்கிறவனுக்கு அறிவு இருந்தாப் போதும்” என்றான். சங்கத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். பிடாடரி மயானத்துக்கு முத்துசாமி தனியாகத்தான் போனான்.

அதற்குப் பிறகு கோவிந்தசாமி வண்டியை மறுபடி கழற்றிப் பூட்ட ஆரம்பித்தான். தம்பிக்குப் பதில் தானே ஓட்டுவதென்று முடிவு. பட்டறையில் பகல் முழுக்க இரும்பு, வீட்டுக்கு வந்தால் அதே இரும்பு. சந்திரமதியோடு பேசுவது குறைந்துபோய், பிறகு அறவே நின்றுபோனது. இருவருக்கும் குழந்தை இல்லை. முத்துசாமிதான் அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆளாக இருந்தான்.

இப்போது குமிழி இடதுபக்கம் நின்றது.

பட்டைகளைக் கழற்றி, வலதை இடப்பக்கமும் இடதை வலப்பக்கமும் மாற்றிப் போட்டான். குறை ஸ்பிரிங்கில் இருந்தால் சாய்வு இடம் மாறவேண்டும். மாறவில்லை. டிரைவர் சீட்டின் மெத்தையைக் கழற்றி மூலையில் போட்டான். அப்போதும் வலப்பக்கம்தான் தாழ்ந்தது. சாயங்காலம் அடுக்களைக்கும் கொட்டகைக்கும் நடுவே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, மழைச்சத்தத்துக்கு அடியில், பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. வேலை முடித்து வருகிற மனுஷன் வண்டிக்குள் காலை விட்டு, உடம்பை இறக்கி, சாய்ந்துகொள்ளும்போது கேட்கிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. டிரைவர் பக்கத்தில் மட்டும் முத்துசாமி தலைக்குத் தடவுகிற சந்தன பிரில்லியண்டைன் வாசனை, மாட்டுவாடையையும் மீறி, லேசாக இருந்தது.

அடுத்த வீட்டில் மளிகைக்கடை வைத்திருந்த முகம்மது யூசுப் ஒருநாள் எட்டிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தவர் கொட்டகைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணே, இத வித்துருங்க லா. பார்க்கவே மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

“வண்டி என்ன பண்ணும் பாய்? இரும்பு.”

“இரும்புதான். யாரோ உக்காந்திருக்கிற மாதிரில்ல நிக்குது” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கோவிந்தசாமி மெத்தையைத் திரும்பப் பூட்டினான். தன் கனம் ஏறினால் சாய்வு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துவிடலாம், கணக்கு கிடைத்துவிட்டால் கோளாறு பிடிபட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

மெத்தை அமுங்கவில்லை. அவன் உட்கார்ந்தது மெத்தையில் இல்லை. சின்ன வயதில் தம்பி இவன் மடியில் ஏறி உட்காருவானே, அதைத் திருப்பிப் போட்டது போல, தொடைகளுக்குக் கீழே இரண்டு தொடைகள். குளிர்ந்தவை. முதுகுக்குப் பின்னால் சாய்மானத்துக்கு முன்னால் ஒரு மார்பு. அது மூச்சு விடவில்லை. அவனுடைய மூச்சும் நின்றுபோனது. எப்படி வெளியே வந்து விழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. பயந்துபோனான். பயந்துபோனதுதான் அவனுக்குத் தாங்கமுடியாத அவமானமாக இருந்தது.

சந்திரமதி வாசலில் நின்றிருந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“ஒரு கோழிக்குஞ்சுதானே கேட்டேன்” என்றாள். “அதக்கூட தம்பிக்குக் குடுக்க விடல நீங்க.”

“ஆரம்பிச்சுட்டியா?”

“தம்பி தனியா உக்காந்திருக்கு. பக்கத்துச் சீட்டு காலியா இருக்கு. நீங்க என்னைக்கு ஏறுவீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கு. இப்பவாவது ஒரு குஞ்சு வாங்கிப் புதைச்சிடலாங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கிறேன்.”

“முட்டாத்தனமாப் பேசாத. ஸ்பிரிங் கோளாறு.”

“கோளாறு ஸ்பிரிங்ல இல்ல.”

“உள்ள போ!” என்று கத்தினான். அவள் போனாள். போகும்போது அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தும் அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தோற்றதாகிவிடும் என்று ஒரு வீம்பு.

அந்த வாரம் முழுக்க அவன் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ராத்திரி பாயில் படுத்து, கொட்டகையிலிருந்து பட்டைகள் உரசுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். அவள் முழித்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் முழித்திருப்பது அவளுக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை பட்டறையில் அரைநாள். சாப்பிட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனான். ஒரு யோசனை வந்திருந்தது. பக்கத்துச் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் பந்தயத்துக்கு வண்டியின் எடையும் குறையும். எடைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டான். காலியான இடமே இல்லாமல் போனால் அங்கே யாரை உட்காரவைக்க முடியும் என்ற நினைப்பு அதற்கும் அடியில் இருந்தது. அதை அவன் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை.

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு மணிக்கே கொட்டகைக்குள் இருட்டு. கார்புரேட்டர்கள் இரண்டும் மேசைமேல் கழற்றிக் கிடந்தன. பேட்டரி சுவரோரம் இருந்தது. ரசமட்டம் சட்டத்தின் மேல் இருந்தது. குமிழி இடதுபக்கம்.

“தேக்கா மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று பின்னாலிருந்து சந்திரமதியின் குரல் கேட்டது.

“ம்.”

“மழ வரும்போல இருக்கு. நான் வர்ற வரைக்கும் வண்டியில ஏறாதீங்க. அது ஒண்ணு மட்டும் கேளுங்க.”

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பானரைத் தேடுகிறவன் போலக் குனிந்தே இருந்தான். அவள் இன்னும் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போய், முன்வாசல் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

இடதுபக்கக் கதவைத் திறந்து, மண்டியிட்டு, கையைச் சீட்டுக்கு அடியில் நுழைத்தான். முன்பக்க போல்ட்டுகள் சுலபமாக வந்துவிட்டன. பின்பக்கத்தில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தான். மழை தகரத்தின் மேல் இறங்கியது. சாணவாடை எழுந்தது. மறுபடி கையை விட்டு, முழங்கை வரை நுழைத்து, கன்னத்தை மெத்தையோடு ஒட்டவைத்துக்கொண்டு திருகினான். போல்ட் அசையவில்லை. டிரைவர் பக்கத்தில் சந்தன வாசனை. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“இன்னும் கொஞ்சந்தான் முத்து” என்று அவனையறியாமல் சொன்னான். “இதக் கழட்டிட்டா எல்லாம் சரியாயிடும்.”

டிரைவர் பக்கத்தில் பட்டை உரசியது. நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிற மாதிரி.

பிறகு மழை மட்டும் பெய்தது.

சிராங்கூன் ரோட்டுப் பக்கமிருந்து நீளமாக ஒரு ஹாரன் கேட்டு, சட்டென்று நின்றது.

கன்னத்துக்குக் கீழே மெத்தை தாழ்ந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தாழ்ந்தது. புடவையை ஒதுக்கிக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்து, பிறகு உள்ளே நகர்ந்துகொள்கிற பொம்பளையின் பதவிசு. மெத்தையின் கம்பிகள் அவன் புறங்கையில் வந்து அழுந்தின. அந்தக் கனம் அவனுக்குத் தெரியும். பத்து வருஷம் பக்கத்தில் படுத்த கனம். நனைந்த நூல்புடவை வாசனை. மல்லிகை. அவன் கையை இழுத்தான். வரவில்லை.

கண்ணுக்கு நேரே ரசமட்டம். குமிழி நகர்ந்தது. நகர்ந்து நடுவில் வந்தது.

நின்றது.

முன்வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். யூசுப்பின் குரல்.

“கோவிந்தசாமி அண்ணே! ஓடியாங்க அண்ணே! தேக்கா முக்குல அண்ணிய லாரி அடிச்சிருச்சு! கையில ஒரு கோழிக்குஞ்ச வச்சுக்கிட்டு ரோட்டக் கடந்தாங்களாம்... அண்ணே! கதவத் தொறங்க!”

கோவிந்தசாமி காலியான இரண்டு சீட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மெத்தைகளும் குழிந்திருந்தன.

ஹேண்ட்பிரேக் தானாகக் கீழே இறங்கியது. முத்துசாமி இறக்குகிற மாதிரியே, சத்தம் வராமல்.

வண்டி நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. திறந்திருந்த இடதுபக்கக் கதவு அவன் தோளை இடித்துத் தள்ள, கை விடுபட்டது. தோல் கிழிந்தது. கதவு உள்ளேயிருந்து சாத்திக்கொண்டது.

“முத்து!”

பின்சந்துப் பக்கத்துத் தகரக்கதவு திறந்து கிடந்தது. அதை அவன் திறக்கவில்லை.

“முத்து, அவள எறக்கி விட்றா! நான் வர்றேன்டா. என்னை ஏத்திக்க. அவ வேணாம்டா!”

மழைக்குள் ஓடினான். வழுக்கினான். எழுந்து மறுபடி ஓடினான். வண்டி அவசரப்படவில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் போனது. ஆனால் எட்டவில்லை. வெட்டிக் குறைத்த கண்ணாடிக்கு மேலே யாருடைய தலையும் தெரியவில்லை. இரண்டு இடங்களில் மட்டும் மழை உள்ளே விழவில்லை. சீட்டுகளுக்கு மேலே, தலை இருக்கவேண்டிய உயரத்தில், தோள் இருக்கவேண்டிய அகலத்தில், தண்ணீர் பட்டுச் சிதறி வழிந்துகொண்டிருந்தது. இடதுபக்கத்துத் தலை ஒருமுறை பின்னால் திரும்பியது.

சந்து முடிகிற இடத்தில் கார் வளைந்தது. எந்தப் பக்கமும் சாயவில்லை.