ஒரு செங்கல் அகலம்

கயிறு இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. கூரையிலிருந்து நிலவறை வரை இந்தப் புகைபோக்கி எட்டு மீட்டர்தான். இரும்புக் குண்டும் கம்பி பிரஷும் கட்டிய கயிறோ பதினோராவது மீட்டர் முடிச்சையும் தாண்டி மாரெட்டின் உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. உள்ளிருந்து எழுந்த பழங்கரியின் கசந்த வாடை, நவம்பர் மதியத்தின் ஈரக்காற்றிலும் கலையாமல் அவள் முகத்திலேயே நின்றது. அதில் சூடும் இருந்தது. வசந்தத்திலிருந்து இந்த வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

கீழே நிலவறையில், கரி அள்ளும் சின்ன இரும்புக் கதவருகே அவள் கணவன் ராய்வோ இருந்தான். அவ்வளவு செங்கலைத் தாண்டிப் பேச்சு எடுபடாது. கல்யாணமான பதினாறு வருஷமாக வேலை நேரத்தில் சுவரில் தட்டுவதுதான் அவர்கள் பேச்சு. இரண்டு தட்டு என்றால், தூக்கு.

புகைபோக்கி துடைப்பவனின் பித்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள்; வீட்டுக்காரி ஹெல்வே காலையில் ராய்வோவின் சட்டைப் பித்தானைத் தொட்டுவிட்டு, "இன்னிக்கே அடுப்பு மூட்டியாகணும்ங்க" என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள். இல்லாவிட்டால் மாரெட் அப்போதே மூட்டை கட்டியிருப்பாள்.

இரண்டு தட்டு கேட்டது.

அப்பாடா என்று இழுத்தாள். கயிறு கனத்தது. கரி அடைத்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

குரல் முற்றத்திலிருந்து வந்தது. ராய்வோ வண்டியருகே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "கண்ணாடிய வண்டியிலயே விட்டுட்டேன். அது இல்லாம உள்ள எப்படிப் பாக்குறது?"

அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "இப்ப நீ தட்டல?"

"நான் இன்னும் அந்தக் கதவையே திறக்கலயே."

"திறக்காத. உள்ள போகாத, ராய்வோ. சொன்னாக் கேளு."

"பதினாறு வருஷமா கூரையேறுறவளுக்கு இப்பதான் பயம் வருதா? ரெண்டே நிமிஷம்." சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனான்.

ஏணியில் இறங்கி ஓடியிருப்பாள். ஆனால் கயிற்றை விட்டால், கீழே அண்ணாந்து பார்ப்பவன் முகத்தில் இரும்புக் குண்டு விழும். கட்டிவைக்கவும் முடியவில்லை. கயிறு ஒரு நொடிகூடத் தளரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். காற்றுதான் கேட்டது.

ஆழத்தில் இரும்புக் கதவு கிரீச்சிட்டது.

பிறகு சத்தமே இல்லை.

கனம் இரண்டு மடங்கானது.

"மாரெட்." அவன் குரல்தான். செங்கலுக்கு உள்ளே. ஒரு கை தூரத்தில். "இழுடி. பாதிக்கு மேல வந்துட்டேன்."

ஒரு செங்கல் அகலமே உள்ள துளை. பூனைகூட நுழையாது.

விட்டால் அவன் விழுவான். அவளால் விட முடியவில்லை. இழுத்தாள். அழுதுகொண்டே இழுத்தாள்.

முதலில் விரல்கள் வந்தன. கரியேறிய விரல்கள். அவள் போட்டுவிட்ட மோதிரம். அதன் பின்னால், அந்தத் துளையின் அளவுக்கே நீளமாக ஒடுங்கிப்போன அவன் முகம், சிரித்தபடி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.