மூன்று வருடம் பின்னால்

அலுவலகத்துக்குக் காலையில் வாங்கிய பால் பத்து மணிக்கே கெட்டுப்போனதை அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி போடலாமென்று அட்டைப்பெட்டியைச் சாய்த்தாள். பச்சை பூத்த கட்டியொன்று பொதக்கென்று கோப்பையில் விழுந்தது. சீ! மூக்கைப் பொத்தியபடி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள்.

வேலையும் நாற்றம் பிடித்த வேலைதான். முதலாளியை அலுவலகத்தில் எல்லோரும் ‘காயின் அண்ணன்’ என்பார்கள். கிரிப்டோ நாணயத்தில் கொழித்த மனிதர். பாலிலிருந்து கார் வரைக்கும் எல்லாவற்றையும் காயினில்தான் வாங்குவார், அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. இந்த வருடம் அப்படிச் செலவழித்ததற்கெல்லாம் வரி வந்து நின்றது. மூன்று வருடத்துக்கு முன்பு செலவழித்திருந்தால் வரியே கிடையாதாம். அதனால் கணக்கு மென்பொருளில் இருக்கும் பதிவுகளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, தேதியை மூன்று வருடம் பின்னால் தள்ள வேண்டும். பச்சைப் பொய்!

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. போன மாதம் அவள் கணவனுக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். எவனோ ஒரு ஏழையிடம் விலை பேசி அதை வாங்கிக் கொடுத்தவர் இந்தக் காயின் அண்ணன்தான். அதுவும் காயினில்தான். பாவம்தான். ஆனால் புருஷன் உயிரோடு வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறானே, அது போதாதா?

காலையில் வந்ததும் சோதனைக்காக நாற்பது பதிவுகளை மாற்றியிருந்தாள். மதியம் இன்னொரு நூறு. அது முடிந்த சற்று நேரத்தில் ஒரு வாடை மெதுவாக அறைக்குள் புகுந்தது. முதலில் லேசான தித்திப்பாக, பிறகு அழுக்குத் தண்ணீரில் ஊறிய துணி மாதிரி, அப்புறம் நாக்கிலும் தொண்டையிலும் எண்ணெயாக ஒட்டிக்கொண்டு எச்சில் விழுங்கக்கூட விடாமல் நின்றது. மின்விசிறி அதைக் கிண்டிக் கிண்டி மூலை மூலையாகப் பரப்பியது. குளிர்பெட்டியின் அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்து அவள் செருப்பு வரைக்கும் வந்திருந்தது.

அதன் கதவைத் திறந்தாள். முதலாளி நேற்று வாங்கிய இறைச்சி பொட்டலத்துக்குள் கறுத்து, குழைந்து, மெல்ல நெளிந்துகொண்டிருந்தது. அதை ஒட்டியே ரொட்டி. அது மட்டும் புத்தம் புதிதாக, மெத்தென்று இருந்தது.

திரைக்கு ஓடினாள். பால், மாற்றிய பதிவு. இறைச்சி, மாற்றிய பதிவு. ரொட்டியை இன்னும் மாற்றவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டாள். “அண்ணே, தேதி மாத்தின சாமானெல்லாம் அழுகிப்போகுதண்ணே.”

“என்னம்மா உளர்ற? ஃபிரிட்ஜ் ரிப்பேரா இருக்கும். நாளைக்கு ஆடிட்டர் வர்றாரு. நீ பத்தும் நூறுமா தடவிக்கிட்டிருந்தா எப்படி? மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே தட்டா தட்டிவிடு. உன் வீட்டுக்காரர் மருந்துச் செலவை நான்தானே பாக்குறேன்? கொஞ்சம் அதையும் நெனைச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தாள். மருந்து நின்றால் அவன் பிழைக்க மாட்டான். சரி, மற்றதெல்லாம் அழுகட்டும், அவர் காரும் சோபாவும் நாசமாய்ப் போகட்டும். சிறுநீரகம் வாங்கிய அந்த ஒரு பதிவை மட்டும் தேடிப் பிடித்துப் பட்டியலிலிருந்து மறைத்தாள். இரண்டு முறை பார்த்தாள், பட்டியல் 2,315 என்று காட்டியது. இல்லை. மொத்தத்தையும் தேர்ந்தெடுக்கும் தலைப்புக் கட்டத்தில் டிக் போட்டாள். மூன்று வருடம். சேமி.

மறைத்த பதிவு கண்ணுக்குத்தான் தெரியாது, தேர்விலிருந்து விலகாது. தனியாக டிக்கை எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவளே முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற விஷயம். பயத்தில் அது புத்தியிலிருந்து கழன்றுவிட்டது.

‘2,316 பதிவுகள் மாற்றப்பட்டன.’

2,315 அல்லவா வரவேண்டும்?

ஐயோ.

திரும்ப மாற்றப் பார்த்தாள். அனுமதி இல்லை. மறுபடியும் அழுத்தினாள். அனுமதி இல்லை. போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவன்தான்.

“என்னங்க! நல்லா இருக்கீங்களா?”

“எனக்கென்ன? ஜம்முனு இருக்கேன். வீட்லதான் ஒரே நாத்தம். குப்பையைக் கொட்டிட்டு வந்தேன், பாத்ரூமைக் கழுவினேன், போகவே மாட்டேங்குது. எந்த ரூமுக்குப் போனாலும் கூடவே வருது.”

“சட்டையைத் தூக்குங்க.”

“இப்பவா? ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு பேசுற பேச்சா இது?” சிரித்தான்.

“தூக்குங்க!”

“சரி சரி, கத்தாதே. தையல் போட்ட இடம் லேசா ஈரமா இருக்கு, அவ்வளவுதான். வலியே இல்ல.”

போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கினான். தையல் வாய் திறந்திருந்தது. உள்ளே கறுப்பு. குழைந்த, பளபளக்கிற கறுப்பு. அதன் அடியில் தோல் முழுக்க, விலா வரைக்கும், ஏதோ சின்னச் சின்னதாக ஊர்ந்தது.



அவன் குனிந்து பார்க்கவில்லை. புன்னகை மாறாமல், ஈரம் எங்கே என்று தடவிக்கொண்டே போன விரல் இரண்டு கணு வரைக்கும் உள்ளே இறங்கியது. வெளியே எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். முகர்ந்தான்.

“அட, இதுதான்” என்றான்.