பச்சை எரிந்தால் கதவு திறக்கும்

வாசல் நிலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. குகைக் கதவு திறக்கவில்லை.

பொன்னுருவி பாட்டை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தாளம் போடும் அவள் அண்ணன் சடையன் கதவைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அதையும் சுருதிமானி கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

சுருதிமானி இல்லாத கோயில் அப்போது நாட்டில் கிடையாது. மாதா கோயில், பள்ளிக்கூடத்துக் காலைப் பாட்டு, எங்கேயும் அதுதான். பாடுகிறவர் குரலை அரசாங்க வாரியம் கொடுத்த பாடத்தோடு ஒட்டிப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை. பிசகினால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் சாமியே வந்து தட்டினாலும் கதவு திறக்காது. படித்தவர்கள் செய்தது, தப்பாகவா இருக்கும் என்று சனங்களும் விட்டுவிட்டார்கள்.

கூகைக்குன்றின் இந்தக் குகையில் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி தனியாக இருந்தாள். பேர் தெரியாது. குகையம்மை என்பார்கள். அவள் கட்டிய பாட்டைப் பொன்னுருவி வம்சத்துப் பெண்கள்தான் சாயங்காலம் வாசலில் நின்று பாடுவார்கள்.

"இருளே எனக்கு விளக்கு, இனி எண்ணெய் எதற்கு?
கல்லே எனக்குப் படுக்கை, இனிக் கதவு எதற்கு?"

இந்த இரண்டு அடிக்கு அப்புறம் "ச்சூ, ச்சூ" என்று அதட்டிவிட்டுத்தான் மூன்றாம் அடி. எமனை விரட்டுவதாம். அந்த ச்சூவுக்குத்தான் சிவப்பு.

"விட்டுத் தொலையேம்மா அந்த ச்சூவ" என்றார் வாரியத்து அதிகாரி பூவராகன்.

"எங்கம்மா விடலீங்க. நான் எப்படி விடுறது?"

"நாளைக்குக் கல்செவி வருது. அம்மை பாடினதையே கேட்டுடலாம். அதுல ச்சூ இல்லேன்னா இனிமே இங்க நீ பாட முடியாது. ஒலிபெருக்கிதான் பாடும்."

அன்றைக்கு ராத்திரி பொன்னுருவி அந்த ச்சூவைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

கல்செவி என்பது சின்னக் கருவி. ஈரச் சுண்ணாம்பு காயும்போது பக்கத்தில் எழும் ஓசையைப் பிடித்துக்கொள்ளுமாம். குகையம்மை அடிக்கடி சுவருக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கிறாள். ஒவ்வொரு பூச்சிலும் ஒரு சாயங்காலம். மறுநாள் சுருதிமானியை அணைத்துவிட்டு, கல்செவியை மேல்பூச்சில் ஒட்டினார்கள்.

முதலில் இரைச்சல். அப்புறம் குரல். தேன் மாதிரி இருக்கும் என்று காத்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சளி பிடித்த குரல், கரகரவென்று. ஆனால் கேட்டவுடன் சடையன் எழுந்து நின்றுவிட்டான்.

"...இனிக் கதவு எதற்கு?"

மே என்று ஒரு சத்தம். "ச்சூ! ச்சூ!" கல் ஒன்று உருண்டது. ஒரு சிரிப்பு. பிறகு மூன்றாம் அடி.

"ஆடு!" என்றான் சடையன். "எமனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சுண்ணாம்பை நக்க வந்த ஆடு!"

பொன்னுருவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பூவராகன் சளைத்த ஆளா? அன்றைக்கே சுருதிமானிப் பொறிக்குள் அந்த ஓசையை ஏற்றிவிட்டார். இப்போது ச்சூ சொல்லாவிட்டால்தான் சிவப்பு. ஊரெல்லாம் ச்சூ பாடியது. ஆடு என்பது ஆணவம் என்று ஒருவர் புத்தகமே போட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரு சாயங்காலத்தைக் கேட்க ஆசைப்பட்டு, அடுத்த மாதம் பூவராகன் தனியாகக் குகைக்குள் போனார். சுருதிமானியை அணைக்கவில்லை. அம்மை குரலுக்குப் பச்சை எரிவதைச் சனங்கள் பார்க்க வேண்டுமாம். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரிந்த அடிப்பூச்சில் கல்செவியை ஒட்டினார்.

அதே கரகரக் குரல். ஆனால் அந்தச் சாயங்காலம் ஆடு வரவில்லை. ச்சூவும் இல்லை. எண்ணெய் என்று வரும் இடத்தில் வேறு என்னவோ பாடினாள், இழுத்து இழுத்து, தன் இஷ்டத்துக்கு.

சிவப்பு எரிந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"பொன்னுருவி! பாடும்மா, சீக்கிரம்! பச்சை விழணும்!" உள்ளேயிருந்து பூவராகன் கத்தினார்.

அவள் பாடினாள். ச்சூ வந்த இடத்தில் சிரிப்பு பீறிட்டது. அம்மை சிரித்ததைவிடக் கொஞ்சம் நீளமாகச் சிரித்துவிட்டாள். சிவப்பு.

"ஏங்கய்யா, அம்மைக்கே தகுதி இல்லேன்னுடுச்சே உங்க பொறி?" என்றான் சடையன்.

"பொறி தப்புச் சொல்லாதுய்யா!"

"அப்போ உள்ளேயே இருங்க."

சுருதிமானியின் மின்கம்பி உள்ளேதான் இருந்தது. அதைத் தொட்டவருக்கு வேலை போகும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். உள்ளே அம்மை மட்டும் பாடிக்கொண்டிருந்தாள், இனிக் கதவு எதற்கு என்று. பிறகு பட்டென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்து கதவு திறந்துகொண்டது. பிடுங்கிய கம்பி கையில் தொங்க, வேர்த்து வழிந்துகொண்டு பூவராகன் வெளியே வந்தார்.

"உசுரு வந்துச்சு" என்று படியில் உட்கார்ந்தார். யாரும் கதவைத் திரும்பச் சாத்தவில்லை.

பொழுது சாய்ந்தது. பொன்னுருவி பாடினாள். இரண்டு அடி முடித்து, வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, நேரே மூன்றாம் அடிக்குப் போய்விட்டாள். பூவராகன் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் சடையன் கேட்டான், "என்ன தாயி, ச்சூவை விட்டுட்ட?"

"ஆடு வரலியேண்ணே."