அந்தச் சேலை என்ன நிறம்?

என் அம்மா புனிதா, கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் நின்றபடியே சேலை விற்பவர். முகநூலில் லைவ் போவார். அவர் சேலையை விரித்துக் காட்ட, நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை வலிக்கும். அதை யார் கேட்கிறார்கள்?

போன வாரம் ஒரு சேலை திரும்பி வந்தது. அனுப்பியவர் சாலாக் செலாத்தானில் இருக்கும் இராஜம்மா ஆன்டி. அவர் மகளுக்குக் கல்யாணம். தோழிகள் எல்லாரும் ஒரே பச்சையில் சேலை உடுத்த வேண்டுமாம். மாதிரிக்கு ஒன்று வாங்கிப் பார்த்தால், வந்தது நீலம். பச்சையைக் காட்டிவிட்டு நீலத்தை அனுப்பி ஏமாற்றுகிறோம் என்று, எல்லாரும் பார்க்கும்படி லைவிலேயே எழுதிவிட்டார்.

அம்மா காட்டியது நீலம்தான். போனைப் பிடித்தவள் நான், எனக்குத் தெரியாதா? கண்ணுக்கு முன்னால் இருக்கிற நிறத்தை வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டோம்.

அதைப் படித்துவிட்டு மற்றவர்களும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"சனிக்கிழமை ஒரு லைவ் போட்டு, இருக்குறத வித்துட்டு நிறுத்திக்கிறேன், மாதவி. ஏமாத்துக்காரின்னு பேரு வாங்கிட்டு இந்த வியாபாரம் எனக்கு வேணாம்," என்றார்.

அப்போது பார்த்துப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கமலநாதன் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான், ரெசலூஷன். திரையில் தெரியும் படம் குட்டிக் குட்டிப் புள்ளிகளால் ஆனதாம். புள்ளிகள் கூடினால் படம் தெளிவாகுமாம்.

"உங்க போன்ல ரெசலூஷன் கம்மி லா, அக்கா. என் புதுப் போன்ல எடுங்க. கலர் அப்படியே வரும்," என்றார்.

திரும்பி வந்த சேலையை எடுத்தோம். சேலை நூல் நூலாகத் தெரிந்தது. ஜரிகையில் ஒட்டியிருந்த என் தலைமுடிகூடத் தெரிந்தது. ஆனால் நிறம்? மாமாவின் போனில் பளீர் நீலம். அதே வீடியோ அம்மாவின் பழைய போனில் வெளிறிய நீலம். டிவியில் கருநீலம். என் டேப்லெட்டில் பச்சை.

மாமா என் டேப்லெட்டின் ரெசலூஷனைத் திட்டினார். பிறகு டிவியின் வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். ஒவ்வொரு முறையும் சேலை வேறு மாதிரி தெரிந்தது. அவரோ ரெசலூஷன், ரெசலூஷன் என்று புலம்புவதை விடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனை புள்ளி இருந்து என்ன, அத்தனையும் தப்பான நிறத்தைக் காட்டினால்?

கோபத்தோடு டேப்லெட்டை நோண்டினேன். என் கண்ணுக்கு நல்லது என்று அம்மா போட்டுவைத்த 'ஐ கம்ஃபர்ட்' ஓடிக்கொண்டிருந்தது. அது திரை முழுக்க மஞ்சளைப் பூசிவிடுகிறது. அணைத்தேன். பச்சைச் சேலை நீலமாகிவிட்டது.

இராஜம்மா ஆன்டியின் போனிலும் இதுதான் இருக்கும் என்றேன். அம்மா பெருமூச்சு விட்டார்.

"உங்க போன்லதான் கோளாறுன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா? இன்னும் கோபம்தான் வரும்."

அதுவும் சரிதான். நாம் சொல்லக் கூடாது, ஆன்டி தானாகப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே நிறத்தில் ஒரு பொருள் வேண்டும். சமையலறை முழுக்கத் தேடினேன். அலமாரியில், பாலில் கலக்கிக் குடிக்கும் மைலோ மாவு டின் பச்சைப் பசேல் என்று உட்கார்ந்திருந்தது. இந்த ஊரில் மைலோ டின் இல்லாத வீட்டைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

சனிக்கிழமை மாமா போனைப் பிடித்தார். அம்மா நீலச் சேலையை விரித்தார். பக்கத்தில் நான் டின்னோடு நின்றேன். சேலை விற்கிற இடத்தில் மைலோவா, மானம் போகிறது என்று அம்மா பல்லைக் கடித்தார்.

நான் விடவில்லை. "எல்லாரும் உங்க வீட்டு மைலோ டின்ன எடுத்துட்டு வந்து போன் பக்கத்துல வைங்க. உங்க டின்னும் போன்ல தெரியுற என் டின்னும் ஒரே பச்சையா இருக்கான்னு பாருங்க," என்றேன்.

ஒரே பச்சைதான் என்று பலர் எழுதினார்கள். மைலோ என்ன விலை என்று ஒருவர் கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு இராஜம்மா ஆன்டி எழுதினார்: "என் போன்ல உங்க டின் மட்டும் மஞ்சள் அடிக்குதே."

ஐ கம்ஃபர்ட்டை எங்கே போய் அணைப்பது என்று சொன்னேன். அம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆன்டியின் பதில் வந்தது:

"டின் சரியாயிடுச்சு. சேலைதான் நீலமா மாறிப்போச்சு. தலைவலின்னு சொன்னேன், என் மகன்தான் இத போட்டுவிட்டான். மன்னிச்சிரும்மா புனிதா. நீ காட்டுனது நீலம்தான். எல்லாரும் பாத்துக்குங்க, தப்பு என்மேலதான். சரி, நிஜமாவே பச்சை இருக்கா?"

அம்மா அவசரமாக ஒரு பச்சைச் சேலையைப் பிரித்து டின் பக்கத்தில் பிடித்தார்.

"இதேதான். தோழிங்க எல்லாருக்கும் இதையே எடுத்து வை," என்று வந்தது.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கடைசி லைவ் என்று சொல்லியிருந்தவர், புதன்கிழமை புதுச் சரக்கோடு வருகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னார்.

"பாத்தீங்களா அக்கா? எல்லாம் என் போனோட ரெசலூஷன்," என்றார் மாமா.

கனமான டின் என் கையில்தான் இருந்தது. ஆனால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அதனால் மாமா தப்பித்தார்.