முப்பத்திரண்டாவது வரிசை

மாலை ஆறரை மணிக்கு இறங்கியிருக்க வேண்டிய பாதரசம் இறங்கவில்லை. கார்குழலி தெர்மாமீட்டர் வைத்த வெள்ளை மரப்பெட்டியின் கதவைத் திறந்து, தன் மூச்சு பட்டுவிடாமல் முகத்தை ஒதுக்கிக்கொண்டு, மறுபடியும் குனிந்து பார்த்தாள். முப்பத்தாறு டிகிரி. அரை மணி நேரத்துக்கு முன் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் இன்னொரு பெட்டியில் பார்த்தபோது முப்பத்தொன்றுதான் இருந்தது. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. அவளைச் சுற்றி நான்கு பக்கமும் சூரியப் பலகைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தது போன்ற ஒரு வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

அது 2009, ஏப்ரல் முதல் வாரம். எண்ணூரைத் தாண்டி, அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன ஒரு தரிசில், தனியார் கம்பெனி ஒன்று சோதனைக்காக அறுபது வரிசை பலகைகளை நிறுத்தியிருந்தது. இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த கார்குழலியை, பேராசிரியர் எத்திராஜ் தன் ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். வேலை சுலபமானது. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தினமும் மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை, இரண்டு பெட்டியிலும் வெப்பம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

வெறும் மண் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பலகை அனேகமாக எல்லாவற்றையும் விழுங்கும், விழுங்கியதில் கொஞ்சத்தைத்தான் மின்சாரமாக்கும், மீதி காற்றுக்குப் போகும் என்று அவர் முதல் நாளே விளக்கியிருந்தார். பொழுது சாய்ந்ததும் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட வேண்டும்; மேலே கூரைபோல் பலகை மறைத்தால் அவ்வளவு லேசில் விடாது. மொட்டை மாடியில் நாலு பலகை வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. மைல் கணக்கில் பரப்பினால் அந்தப் பக்கத்துக் காற்றும் மழையும் என்ன ஆகும்? அதுதான் அவர் கேள்வி. ஐந்து டிகிரி வித்தியாசம் என்று கார்குழலி போனில் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடாமல் எடு என்றார்.

அவள் விடாமல் எடுத்தாள். ஏப்ரல் முடிவில் வித்தியாசம் எட்டானது. பெட்டி முப்பத்திரண்டாவது வரிசையில், மைதானத்தின் நட்டநடுவில் இருந்தது. கேட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. முதல் பத்து வரிசை வரைக்கும் மின் நிலையத்தின் இரைச்சலும், கழிமுகத்தில் போகும் படகின் சத்தமும், சேறும் மீனும் கலந்த நாற்றமும் கூடவே வரும். இருபதைத் தாண்டும்போது ஒவ்வொன்றாக நின்றுவிடும். காக்கை இல்லை. தும்பி இல்லை. சாம்பல் மண்ணில் அவள் காலடி விழும் ஓசை மட்டும், அதுவும் கொஞ்சம் தாமதித்து, பின்னால் வேறு யாரோ அதே காலடியில் கால் வைப்பதுபோலக் கேட்கும்.

காற்றை அவள் கவனித்தது மே மாதம் பிறந்த பிறகு. பழைய துப்பட்டாவைக் கிழித்து, மைதானத்தின் நாலு மூலையிலும் கம்பத்தில் கட்டியிருந்தாள். சாயங்காலம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். நாலு துணியும் மேற்கே பறக்க வேண்டும். பறக்கவில்லை. நாலும் உள்பக்கம் பார்த்துப் பறந்தன. தூரத்தில் புகைபோக்கியின் புகைகூட மைதானத்தின் பக்கமாகவே சாய்ந்திருந்தது. சூடான காற்று மேலே ஏறினால் சுற்றிலும் இருக்கும் காற்று அந்த இடத்துக்கு ஓடி வரத்தான் செய்யும், இது பள்ளிக்கூடப் பாடம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தாள். கால்கள் நடையை ஓட்டமாக்கப் பார்த்தன. காற்று முகத்தில் அடித்து அவளை உள்ளே தள்ளியது.

அந்த வாரமே ஒரு நாள் கோடை மழை பெய்தது. காவலாளி தண்டபாணியின் தகரக் கொட்டகையில் அவள் ஒதுங்கி நின்றாள். தண்டபாணி ஐம்பது வயசுக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு போனபின் இந்த வேலைக்கு வந்தவர். நைனா என்றுதான் அவள் கூப்பிடுவாள். தகரத்தில் மழை அறைந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. விட்டதும் அவள் உள்ளே போனாள். பன்னிரண்டாவது வரிசையில் ஈரம் முடிந்திருந்தது. கோடு போட்டதுபோல முடிந்திருந்தது. அதற்கு அப்பால் சாம்பலில் ஒரு துளி விழுந்த குழிகூட இல்லை.

பலகை கழுவும் பெண்களுக்கு மேஸ்திரி தாயம்மா. முப்பதுக்கு மேல் எந்த வரிசையையும் அவள் ஆட்கள் இப்போது கழுவுவதில்லை என்பதைக் கார்குழலி தூசியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். காரணம் கேட்டாள். தாயம்மா கையில் இருந்த துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். போன வாரம் உச்சி வேளையில் மங்கை என்ற பெண் முப்பத்து மூன்றாவது வரிசையில் பலகைக்கு அடியில் சோறு தின்ன உட்கார்ந்தாள். ரொம்ப நேரமாகியும் வரவில்லை. நாலு பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"முதுகு பூரா கொப்புளம். தோலு புடவையோட வந்துச்சு. அவ இன்னான்றா தெரியுமா? இம்மாம் ஜில்லுன்னு கீற எடத்துலேர்ந்து ஏன்டி இட்டாந்தீங்கன்னு எங்களையே திட்றா. ஆஸ்பத்திரில படுத்துகினு இன்னும் அதையேதான் சொல்லிகினு கீறா."

கார்குழலி அதைப் பேராசிரியரிடம் சொன்னாள். வெயில் தலைக்கு ஏறினால் அப்படித்தான், சூடும் குளிரும் மாறித் தெரியும் என்றார் அவர். மங்கைக்கு எப்படியிருக்கிறது என்றும் கேட்டார். பிறகு, இன்னும் பத்து நாள் கணக்கு மட்டும் போதும், தண்ணீர் நிறையக் குடி என்றார்.

மறுநாள் காலை, பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா பீம்ராவ், டீ டம்ளரை வாங்கும்போது அவள் கையைத் தொட்டுவிட்டு நின்றார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் மே மாதக் காலையில், ஃபேன் ஓடாத அந்தச் சமையல்கட்டில், அவள் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வேணாம்மா அந்த வேலை, விட்டுடு என்றார். பத்து நாள்தான் என்று அவள் சொன்னாள். பேராசிரியர் எழுதும் ஆய்வுக் கட்டுரையில் முதல் முறையாக அவள் பெயரும் அச்சில் வரப்போகிறது. அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

அந்தப் பத்தில் ஆறாம் நாள் மாலை வந்தது. கழிமுகத்துப் பெட்டியில் முப்பத்திரண்டு. குறித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். உள்ளே பார்த்தாள். கால் எழவில்லை. மேற்கே இறங்கியிருந்த சூரியன் வரிசைகளுக்கு ஊடே நேராக வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சாய்வெயில் பலகைகளின் அடி வரைக்கும் நுழைந்திருக்க வேண்டும். முதல் வரிசைகளில் நுழைந்திருந்தது. தள்ளிப்போகப் போக நுழையவில்லை. அங்கே பலகைக்கு அடியில் மை கொட்டியதுபோல நிழல் கெட்டியாகக் கிடந்தது.

தலை வலிக்கிறது நைனா என்றாள். அது பொய். தண்டபாணி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ குந்தும்மா. நா பார்த்துகினு வர்றேன். தெனிக்கும் நீ பண்றத பாத்துகினுதான கீறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நோட்டையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்தாள். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து அவர் நடந்து போனார். இருபதாவது வரிசை வரைக்கும் காக்கிச் சட்டை தெரிந்தது.

கால் மணி நேரம் ஆயிற்று. அவள் கூப்பிட்டாள். குரல் வெளியே போன மாதிரியே இல்லை. வாயை விட்டதும் எதுவோ அதை உள்ளே உறிஞ்சிக்கொண்டது. சூரியன் இப்போது புகைபோக்கிகளுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஓடிப் போய் யாரையாவது நிறுத்தலாம். என்ன சொல்வது? தெர்மாமீட்டர் பார்க்கப் போன மனிதர் திரும்பவில்லை என்றா? தான் பயந்துகொண்டு தனக்குப் பதிலாக அவரை அனுப்பியிருந்தாள். அவள் உள்ளே நடந்தாள்.

பத்து. பன்னிரண்டு. பின்னால் காற்று. முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. இருபது. இரைச்சல் நின்றது. இருபத்தாறு. மூக்குத்தி சுட்டது. உள்ளே இழுக்கும் மூச்சு தொண்டையை அறுத்தது. முப்பது.

பெட்டியின் கதவு திறந்திருந்தது. பாதரசம் கண்ணாடிக் குழாயின் கடைசிக் கோட்டைத் தாண்டி உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. நோட்டு கீழே கிடந்தது. தண்டபாணி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"வந்துட்டியாம்மா?"

குரல் இடதுபக்கத்திலிருந்து, தரையோடு வந்தது. அவருடைய குரல்தான். பதற்றமில்லாத, சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனிதனின் குரல். அவள் குனிந்தாள்.

பலகைக்கு அடியில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். காக்கிச் சட்டை. அதே பித்தளை பட்டன். சட்டைக்குள்ளே இருந்த உடம்பு, சற்று முன் நடந்து போன உடம்பு, மணலில் மாதக்கணக்காய்க் காயப்போட்ட கருவாடுபோலச் சுருங்கிக் கறுத்திருந்தது. உதடுகள் இல்லை. பற்கள் தெரிந்தன. வாய் அசையவில்லை.

"எம்மாம் ஜில்லுன்னு கீது தெரியுமா. வெயில்ல நிக்காதம்மா. வா."

வெயில் இல்லை. சூரியன் இறங்கிவிட்டிருந்தது. வானம் சாம்பல். எல்லா நிழலும் அழிந்திருக்க வேண்டிய நேரம். பலகைகளின் நிழல் அழியவில்லை. நீண்டது. வரிசையிலிருந்து வெளியே, மெதுவாக, ஈரம் பரவுவதுபோல.

அவருக்கு அடுத்து ஒருவர். அவருக்கும் அடுத்து. அவள் வரிசை நெடுகப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தே பார்த்தாள். முண்டாசு கட்டிய ஒருவர். ஒரு கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண். யாரும் தேடி வராத யார் யாரோ. எல்லோரும் மல்லாந்து, தோளோடு தோள் ஒட்டி, கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும்.

தண்டபாணிக்கு இந்தப் பக்கம் மட்டும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அந்த வெற்றுத் தரையில் அவருடைய கறுத்த கை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பக்கத்தில் படுக்கக் கூப்பிடுவதுபோல.

ஓடு என்றது மனசு. ஓடு.

நிழல் வந்து அவள் பாதத்தைத் தொட்டது.

ஜில்லென்று இருந்தது. நாற்பது நாளில் முதல் முறையாக. பானைத் தண்ணீரில் கால் நனைத்ததுபோல. கணுக்கால். முழங்கால். எரிந்துகொண்டிருந்த கண்கள் தானாக மூடின. வாயில் எச்சில் ஊறியது. எங்கோ தூரத்தில் ஒரு பெண் அலறுவது கேட்டது. யார் என்று அவள் யோசித்தாள். அது தன்னுடைய குரல் மாதிரியே இருந்தது, கேட் பக்கத்திலிருந்து வருவது மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தபோது மண்டியிட்டிருந்தாள். செருப்புகள் இரண்டையும் யாரோ கழற்றிப் பெட்டிக்குக் கீழே ஜோடியாக வைத்திருந்தார்கள். கறுத்த கை தட்டுவதை நிறுத்திவிட்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, தள்ளிப் படுத்தது.