இங்க ஆள் இருக்கு

மைதானம் முழுக்கக் கூடாரங்கள். வேலியோர மூலையில் ஓர் இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்தில்தான் புல் படுத்திருந்தது, அதுவும் ஆள் படுத்து எழுந்த மாதிரி, நீள நீளமாக, பக்கத்தில் பக்கத்தில், வேலியை ஒட்டி வரிசையாக. யாருமே தங்காத இடத்தில் புல் எப்படிப் படுக்கும் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். லாட்ஜ்காரர் கேட்கவில்லை. காலி இடத்தைக் கண்டால் அவருக்குக் கேள்வி வராது, சந்தோஷம்தான் வரும்.

ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் நடத்துகிறவர் அவர். 'ரூம் இல்லை' என்று பலகை தொங்கும் நாளிலும், பெரிய மனிதர் யாராவது திடீரென்று வந்தால் ஆகுமே என்று ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பார். முன்பதிவு செய்தவர் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, "உங்க புக்கிங்கே வரலையே சார்" என்று பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு மழை நாளில் கைக்குழந்தையோடு வந்து நின்ற குடும்பத்தையும் அப்படித்தான் வாசலோடு அனுப்பினார். அவர்கள் எங்கே போய்த் தங்கினார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் யார் 'இடமில்லை' என்றாலும் நம்புவாரா?

இந்தப் பயணமே அவர் மனைவிக்காகத்தான். வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவள், புத்தகத்தில் மட்டும் பார்த்த போர்க்களங்களை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். கடல் தாண்டி வந்தாயிற்று. களங்களெல்லாம் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கிடந்ததால் கூடாரத்தில் தங்குவதாக ஏற்பாடு. கிளம்பும் முன்பே டீச்சர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "சீசன் டைம்ங்க. எல்லா இடத்தையும் இங்கிருந்தே புக் பண்ணிடலாம்."

"போய்ப் பாத்துக்கலாம்" என்றார் லாட்ஜ்காரர். எதற்கெடுத்தாலும் அவர் சொல்வது அதுதான்.

போய்ப் பார்த்த லட்சணம், இரண்டு இடத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாடகைக் காரிலேயே மடங்கிப் படுத்ததில் டீச்சருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இன்று வரும் வழியில் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இன்னிக்கும் இடம் இல்லைன்னா நான் ஊருக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் உங்ககூட எங்கயும் வர்றதா இல்லை. நீங்க தனியாவே பாத்துக்கோங்க." அவள் கத்தியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

மைதானத்துக் காவலுக்கு இருந்த அம்மாள் இடமில்லை என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லிக் கையை விரித்தாள். அவர் மூலையைக் காட்டினார்.

"அது காலி இல்ல. கொடுத்த இடம்."

"யாருக்குக் கொடுத்தது?"

"வருவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் காவல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பூட்டி வைத்த அறையைப் பற்றி யாராவது கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார். தொழில்காரனிடமே தொழில் காட்டுகிறாளே என்று மூலைக்கு நடந்தார். இடத்தின் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து, அதில் சாயம் போன துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்து வேலிக்கு அப்பால் வீசினார். தன் கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்துக் கட்டினார். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துப் பழகிய கை அது.

காரிலிருந்து இறங்கி வந்த டீச்சரிடம், "பாத்தியா? அந்தம்மா சரின்னுட்டாங்க" என்றார். அவள் முகத்தில் இரண்டு நாளாகக் காணாத சிரிப்பு வந்தது. அதற்காக இன்னும் பத்துப் பொய் சொல்லலாம் என்று இருந்தது அவருக்கு.

கூடாரம் அடித்து முடித்து, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே டீச்சர் வேலியைக் காட்டினாள்.

"இந்த வேலியோரம்தாங்க நடந்துச்சு. தோத்த படைக்கு, இன்னிக்கு இங்க தங்கிட்டுக் காலைல ஊருக்குப் போங்கன்னு ஜெயிச்சவங்க இடம் கொடுத்தாங்க. சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்க. இவங்களும் நம்பி ஆயுதத்தை ஒப்படைச்சுட்டுப் படுத்தாங்க. இருட்டினதும் திரும்பி வந்து, இது உங்க இடம்னு யார் சொன்னதுன்னு கேட்டு..."

"எல்லாரையுமா?"

"படுத்த வரிசையிலயே." அவள் அடுப்பைத் தணித்தாள். "இந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும். இடத்தைக் கொடுத்துட்டுப் பிடுங்கறவனை விடவே கூடாதுங்க. செத்தாலும் விடக் கூடாது."

அவர் டீயை ஊதினார். படுத்திருந்த புல் கண்ணில் பட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கழுத்து வலி என்று அவள் சீக்கிரமே உள்ளே போய்ப் படுத்தாள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. களத்துப் பக்கமிருந்து மூடுபனி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, பக்கத்துக் கூடாரத்தில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சையும், அதற்கப்பால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தத்தையும், விளக்குகளையும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போக, கடைசியில் அவர் காதில் மிஞ்சியது ஒரே ஒரு சத்தம்தான், சொட்டுச் சொட்டாக, மிக அருகில், மழையே பெய்யாத மைதானத்தில் எதிலிருந்தோ தண்ணீர் வடியும் சத்தம். எழுந்து பார்த்தார். முளைக்குச்சியில் கட்டியிருந்த கைக்குட்டை நனைந்து தொங்கியது. பிழிந்தார். விரலெல்லாம் பிசுபிசுத்தது. உழுது போட்ட ஈர மண்ணும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

பனியில் ஒருவன் நின்றான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கனமான கோட்டு. அதன் ஓரமெல்லாம் சேறு. முகம் சரியாகத் தெரியவில்லை.

"இது எங்க இடம்."

லாட்ஜ்காரர் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் உள்ளே தூங்குகிறாள். இந்த நேரத்தில் அவளை எழுப்பி, பொய் சொன்னேன், மூட்டையைக் கட்டு என்று எப்படிச் சொல்வது?

"இங்க ஆள் இருக்கு. வேற இடம் பாருங்க."

"எங்களுக்குக் கொடுத்த இடம்."

"உங்க புக்கிங்கே வரலையே சார்." பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் கோபப்படவில்லை. நெடுநாளாகக் காத்திருந்த பதில் கிடைத்த மாதிரி மெதுவாகத் தலையாட்டினான்.

"சரி. பாத்துக்கலாம்."

அவன் பனிக்குள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கடல் தாண்டிய ஊரில் அவன் பேசியது எந்த மொழி? தன் வீட்டுக் கூடத்தில் பேசுகிற மாதிரி அத்தனையும் புரிந்ததே, எப்படி? அதுவும் அந்தக் கடைசி வார்த்தை. அது அவருடைய வார்த்தை. இழுத்த இழுப்பும் அவருடையது.

வேலிக்கு அப்பால் கோட்டுகள் நின்றன. ஒன்று இரண்டு இல்லை. தோளோடு தோள் ஒட்டி, பனி போகும் தூரம் வரைக்கும்.

கூடாரத்துக்குள் போய்விட வேண்டும். அவள் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். திரும்பினார்.

ஜிப் மூடியிருந்தது. அவர் திறந்துதான் வைத்திருந்தார்.

இழுத்தார். அசையவில்லை.

உள்ளே விளக்கு எரிந்தது. துணியில் நிழல். டீச்சரின் நிழல், எழுந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அது அவருடைய ஸ்வெட்டரைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டிருந்தது.

"டீச்சர்!"

"யாரோ கூப்பிடறாங்களே?" அவள் குரல்.

"யாரோ இடம் கேக்கறான்." ஆண் குரல். அவருடைய குரல்.

"டீச்சர், நான்தான்! நான் வெளியதான் இருக்கேன்! உள்ள இருக்கறது நான் இல்ல!"

"ஐயோ பாவம். குரலைக் கேட்டா நம்ம ஊர்க்காரர் மாதிரி இருக்கு."

"புக் பண்ணாம வந்திருப்பான்."

அவள் சிரித்தாள். அவரிடம் மட்டுமே சிரிக்கும் சிரிப்பு.

துணியை நகத்தால் பிறாண்டினார். கதறினார். தொழுவது போலக் கையைக் குவித்து, அவள் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கல்யாணமான புதிதில் அவர் வைத்த செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளே அவள் நிழல் வாசல் பக்கம் திரும்பியது. பிறகு அவள் குரல், கொஞ்சம் பயந்து, ஆனாலும் மரியாதை குறையாமல்:

"இங்க ஆள் இருக்குங்க. வேற இடம் பாருங்க."

விளக்கு அணைந்தது.

ஜிப்பின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதன் வழியாக ஒரு கை வந்தது. நனைந்த கை. நகக்கண்ணில் மண். முளைக்குச்சி வரை நீண்டது, நீளக் கூடாத அளவுக்கு நீண்டது. கைக்குட்டையை அவிழ்த்தது. அவருக்குப் பின்னால் வீசியது.

விழுந்த சத்தம் கேட்டது. ஈரத் துணி ஈர மண்ணில் விழும் சத்தம்.

திரும்பக் கூடாது.

திரும்பினார்.

அவர் காலடியிலிருந்து வேலியோரம் நெடுக, படுத்த புல் இப்போது வெறும் புல்லாக இல்லை. கோட்டுகள். பக்கத்தில் பக்கத்தில், மல்லாந்து, வரிசையாக. எல்லா முகமும் அவர் பக்கம்.

அதில் ஒருவன் முழங்கையை ஊன்றி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தள்ளி உட்காருகிற மாதிரி, கொஞ்சம் நகர்ந்தான். அடுத்தவனும் நகர்ந்தான். நடுவில் இடம் விழுந்தது. சரியாக ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம். அந்தக் கறுத்த ஈர மண்ணின் மேல், சுருக்கம் இல்லாமல், நாலு மூலையும் இழுத்து விரித்து, அவருடைய கட்டம் போட்ட கைக்குட்டை.