பச்சை மூடிக் குப்பிகள்

வந்த விஞ்ஞானி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "என் எலும்புகளை யாரோ கெடுத்துட்டாங்க டாக்டர்" என்றார்.

டாக்டரின் மைத்துனர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நன்றாக நடந்துதான் வந்திருந்தார் அந்த அம்மாள்.

"எலி எலும்புங்க" என்று அவரே விளக்கினார்.

எல்லோரும் டாக்டர் என்றழைக்கும் துப்பறிவாளர் பிரேதப் பரிசோதனை செய்தே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு இந்த வேலை. மனைவியின் தம்பி அவரோடு ஒட்டிக்கொண்டார்; வாய் ஓயாத மனிதர்.

விஷயம் இதுதான். ரத்தப் புற்றில் ஒரு வகை, எலும்பை உள்ளிருந்தே அரித்துத் தின்னும். அந்த அரிப்பை நிறுத்த விஞ்ஞானி ஒரு மருந்து கண்டிருந்தார். மருந்து கொடுத்த எலிகளின் எலும்புகள் பச்சை மூடிக் குப்பிகளில். கொடுக்காதவை வெள்ளை மூடியில். மருந்து குடித்த எலிகள் கடைசிவரை துள்ளி ஓடின. ஆனால் ஸ்கேனில் பச்சை மூடி எலும்புகள்தான் நோய் அரித்துத் தின்றவை போல வெறும் நிழலாக விழுந்தன. மனிதருக்கு அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று நாளை ஒரு குழு முடிவு செய்யும். கொடுக்கலாம் என்றால் முதல் நோயாளி விஞ்ஞானியின் தம்பி.

"இருமினாலே விலா உடையுது அவனுக்கு. வேற எந்த மருந்தும் கேக்கல. இன்னொரு வருஷம் தாங்க மாட்டான்."

ஆய்வுக்கூடத்தில் வழக்கமான முறை ஒன்று உண்டு. முதலில் ஸ்கேன், பிறகு எலும்பின் சுண்ணாம்பை நீக்கி மிருதுவாக்கி, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். தகடுகள் தயாராகத்தான் இருந்தன. ஸ்கேனைப் பார்த்து நொந்துபோன விஞ்ஞானிக்கு அவற்றைத் தொட மனம் வரவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கே போய் டாக்டர் அந்தத் தகடுகளைப் பார்க்க நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். "மாப்ளே, நீ வந்து பாரு."

"வெள்ளை மூடியில எலும்போட நார் வலை கந்தலாக் கிடக்கு அத்தான். பச்சையில கிழியாம இருக்கு. ஆனா நீலப் புள்ளியெல்லாம் வெள்ளையில மட்டும்தான்."

"சரியாச் சொன்னே. இந்தக் குப்பிகள் கைக்கு எட்டுறவங்க எல்லாரையும் கூப்பிடு."

வந்தவர்கள் மூவர். கட்டுரையில் தன் பெயர் விடுபட்டதற்காக விஞ்ஞானியோடு சண்டை போட்டிருந்த உதவியாளர், ஸ்கேன் இயக்குபவர், விஞ்ஞானிக்கு ஆசானான துறைத் தலைவர். மைத்துனரின் சந்தேகம் முழுவதும் உதவியாளர் மேல்தான்.

"எலும்பை அவசரமா மிருதுவாக்கணும்னா என்ன செய்வீங்க?" என்றார் டாக்டர்.

"அவசரமா எப்படி சார்? வாரக்கணக்கா கரைசல்ல ஊறணும். எனக்குத் தெரிஞ்சது அதுதான்" என்றார் உதவியாளர்.

"எனக்குப் படம் எடுக்க மட்டும்தான் தெரியும்" என்றார் ஸ்கேன்காரர்.

துறைத் தலைவர் சிரித்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாமே மெதுவாத்தான். நாங்க ஆசிட்ல போடுவோம். ஒரு ராத்திரி போதும்."

டாக்டர் தலையசைத்தார். "நோய் எலும்பைத் தின்னா சுண்ணாம்போட அந்த வலையையும் சேர்த்துத் தின்னும். பச்சை மூடியில வலை அப்படியே இருக்கு, சுண்ணாம்பு மட்டும் ஸ்கேனுக்கு முன்னாடியே போயிருக்கு. யாரோ ஊற வெச்சிருக்காங்க. மெதுவான கரைசல்னா செல்கள் நீலமா சாயம் பிடிச்சிருக்கும். ஆசிட் பட்டாத்தான் இப்படி வெளுக்கும். இங்க ஆசிட் பழக்கம் உங்க ஒருத்தருக்குத்தான் ஐயா."

துறைத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"புற்றை அழிக்காம எலும்பைக் காப்பாத்த முடியாதுன்னு வாழ்நாள் முழுக்க பாடம் சொன்னேன். என் கையால வளர்ந்த பொண்ணு அதைப் பொய்யாக்கினா நான் யாரு? எலி எலும்புதானேன்னு நெனச்சேன்."

"என் தம்பி இந்த மருந்துக்காகக் காத்திருக்கான்னு தெரியும்தானே உங்களுக்கு?" என்றார் விஞ்ஞானி.

"தெரியும்மா."

மைத்துனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நல்ல செய்தி இருக்கிறதே என்று முந்திக்கொண்டார். "வலை கிழியலைன்னா மருந்து வேலை செஞ்சிருக்குல்லம்மா? நாளைக்குக் குழுவுல இதையே காட்டிடலாமே."

விஞ்ஞானி அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "யாரோ கை வெச்ச எலும்பை நம்பி எந்தக் குழுவும் மனுஷனுக்கு மருந்து கொடுக்காது சார். கொடுக்கவும் கூடாது. நானே அந்தக் குழுவுல இருந்தா மாட்டேன்னுதான் சொல்வேன். எலி வளர்க்கிறதுலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷமாவது ஆகும்."

மைத்துனருக்குத் தான் ஏன் பேசினோம் என்று வெட்கமாக இருந்தது.

விஞ்ஞானி நுண்ணோக்கியில் குனிந்து, முதல் தடவையாகத் தன் மருந்து செய்த வேலையைப் பார்த்தார். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. நிமிர்ந்து ஆசானிடம் சொன்னார்: "ஜெயிச்சிருக்கேன் சார். தம்பி ஃபோனுக்குப் பக்கத்துலயே காத்துக்கிட்டிருக்கான். மருந்து இப்போ வராதுன்னு சொல்ல என்னால முடியல, நீங்களே சொல்லிடுங்க."

எண்ணை அழுத்திக் கைபேசியை மேசைமேல் வைத்தார். மறுமுனையில் உடனே எடுத்துவிட்டார்கள். "அக்கா? சொல்லுக்கா" என்றது ஆவலான குரல். துறைத் தலைவர் கையை நீட்டவில்லை.